இருநூற்று ஐம்பத்தாறாவது மீன்

தான் என்ன வேலை செய்தவள் என்பதை ஒஸ்லோத் தமிழர்களுக்கு விளங்கப்படுத்த கிருஷ்ணகுமாரியால் நாற்பது வருடமாக முடியவில்லை. முயலாமல் விட்டவள் அல்ல. ஒருமுறை கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற உதயகுமாரி தோளைத் தட்டினாள்.

"அக்கா, நீங்கள் அந்த நாளிலை கேம்ஸ் கடையிலை நிண்டனீங்களாமே?"

"கடையிலை இல்லை. விளையாட்டை எழுதினனான்."

"ஓ! கதை கவிதையும் எழுதுவியளோ?"

அதற்கு மேல் கதைக்கக் கிருஷ்ணகுமாரிக்குத் தெம்பில்லை. பாயாசத்தை வாங்கிக்கொண்டு போய்த் தூணோரம் இருந்துவிட்டாள்.

வெளியார்தான் அப்படியென்றால் வீட்டிலும் அதே கதைதான். கணவர் சச்சிதானந்தன் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். யாருக்காவது அவளை அறிமுகப்படுத்தும்போது, "இவ கொம்பியூட்டரிலை இருந்தவ" என்பார். ஏதோ அவள் கணினிக்கு மேலே ஏறிக் குந்தியிருந்தவள் மாதிரி. திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அதையும் விட்டுவிட்டாள்.

உண்மை இதுதான். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தில், டென்மார்க்குக்குப் போகும் கப்பல்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் துறைமுகத் தேநீர்க் கடைகளிலும் ஆளுயர அலுமாரி போன்ற விளையாட்டு இயந்திரங்கள் நின்றன. காசு போட்டால் திரை விழிக்கும். அவற்றில் ஒன்றின் பெயர் 'டொர்ஷ்க்', அதாவது கொட் மீன். அந்த விளையாட்டின் ஒவ்வொரு வரியையும், ஒவ்வொரு மீனையும், ஒவ்வொரு அலையையும் எழுதியவள் கிருஷ்ணகுமாரி. உதவிக்கு யாரும் இருக்கவில்லை.

அவள் நோர்வேக்கு வந்தது எண்பத்துமூன்று ஜனவரியில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்த கையோடு, அண்ணன் றஜீவ் நோர்வேயின் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட்டில் இருந்தபடியால், அந்தப் பக்கத்தில் 'நாட்டார் உயர்பள்ளி' ஒன்றில் இடம் கிடைத்தது. படிப்பு மொழியும் பாட்டும் பனிச்சறுக்கும். விடுமுறையில் மீன் ஆலையில் வேலை. வெள்ளை அங்கி, ரப்பர் பூட்ஸ், குளிரில் விறைத்த விரல்கள், முன்னால் ஓடும் பட்டியில் முடிவே இல்லாமல் கொட் மீன். ஒரு மீனை இரண்டு துண்டாக்கி, முள்ளை எடுத்து, அடுத்ததைப் பிடிக்க வேண்டும். மற்றப் பெண்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு வெட்டினார்கள். கிருஷ்ணகுமாரி எண்ணிக்கொண்டே வெட்டினாள். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

துறைமுகத் தேநீர்க் கடையில் விண்வெளிக் கப்பல்களைச் சுடும் இயந்திரம் ஒன்று நின்றது. அவள் அதில் ஒரு குரோணர்கூடப் போட்டதில்லை. மற்றவர்களுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள், கையில் ஒரு பென்சிலும் மேசைக் காகிதமும் இருக்கும். இரண்டு வாரத்தில் அவளுக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. புள்ளிகளின் கடைசி இலக்கம் ஒற்றையாக இருந்தால் மூன்றாவது கப்பல் எப்போதும் இடப்பக்கத்தால் வந்தது.

ஒரு நாள் அந்த இயந்திரம் பழுதாகி, அதை வாடகைக்கு விட்டிருந்த ஒட்வார் என்கிற மனிதர் ஒஸ்லோவிலிருந்து வந்து பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். பெரிய உடம்பு, சின்னத் திருப்புளி. கிருஷ்ணகுமாரி பக்கத்தில் போய், தனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் கேட்டாள்: "அந்த மூன்றாவது கப்பல், அது ஏன் அப்படி வருகிறது?"

"எப்படி?"

அவள் காகிதத்தை நீட்டினாள். ஒட்வார் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பழுதைத் திருத்தி முடித்தார், காசு போட்டு விளையாடிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. இரண்டு வருடமாக அந்த இயந்திரங்களோடு ஊர் ஊராகத் திரிந்தவருக்கு அது தெரியாது.

"இந்த விதியெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று அவள் கேட்டாள். அவர் பலகையில் செருகியிருந்த கறுப்புச் சிப் ஒன்றைத் திருப்புளியால் தொட்டுக் காட்டினார். பல்லி மாதிரிக் கால்களோடு விரல் நீளத்தில் இருந்தது.

"நான் சொந்தமாக ஒன்று செய்யப் போகிறேன். எழுத ஆள் தேடுகிறேன். ஒஸ்லோவுக்கு வருகிறாயா?" என்றார்.

றஜீவ் அன்று குதித்த குதி ஹம்மர்பெஸ்ட் முழுவதும் கேட்டிருக்கும். "கணக்குப் படிச்சது உதுக்கோ? காசு போட்டு விளையாடுற பெட்டி! உனக்கென்ன விசரோ?" அவள் உடுப்புப் பெட்டியை அடுக்கினாள். அண்ணனுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைப்பதைவிடப் பஸ்ஸைப் பிடிப்பது சுகம்.

ஒட்வாரின் நிறுவனம் என்பது ஓக்கேர்ன் பக்கத்தில் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் நிலக்கீழ் அறை. ஒரு மேசை, ஒரு கணினி, முந்நூறு பக்க ஆங்கிலக் கையேடு. அதை வாசித்தே அவள் கற்றுக்கொண்டாள். சதுரக் கோட்டுத் தாளில் நிரலை எழுதுவாள், எண்களாக மாற்றுவாள், சிப்பில் பதிவாள், இயந்திரத்தில் செருகிப் பார்ப்பாள். பிழைத்தால் சிப்பைப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் இருபது நிமிடம் வைத்து அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் பாணும் பழுப்புச் சீஸும் சாப்பிடுவாள். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பிழை விட்டாள் என்பதை அவளுடைய உடம்பே காட்டிற்று, ஆறு கிலோ கூடியிருந்தாள்.

பிழையும் சரியுமாகச் சிப்புகள் மேசை முழுவதும் கிடக்கும். ஒட்வார் வந்து கண்டதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். முதலில் 1, 2, 3 என்று எண் ஒட்டிப் பார்த்தாள், அவர் ஒன்றை ஏழாக வாசித்தார். கடைசியில் அவள் ஒவ்வொரு சிப்பிலும் அ, ஆ, இ என்று தமிழில் எழுதி ஒட்டினாள். வாசிக்கத் தெரியாததைத் தொட ஒட்வார் பயந்தார். அதன் பிறகுதான் வேலை ஓடியது.

அவருக்கு விண்வெளிக் கப்பல்தான் வேண்டும். "விண்வெளிக் கப்பல் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்குக் கொட் மீன்தான் தெரியும்," என்றாள் அவள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, சரி என்றார்.

விளையாட்டு இப்படி: சின்ன மீன்பிடிப் படகொன்று. வலை வீசி மீன் பிடிக்க வேண்டும், பனிப்பாறைக்கும் அலைக்கும் தப்ப வேண்டும், மூன்று நிமிடத்துக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும். ஒரே நடையில் எவ்வளவு அதிகம் கொண்டுவருகிறாயோ அவ்வளவு அதிகம் புள்ளி. நினைவகம் பற்றாக்குறை. அதனால் படகில் உள்ள மீனை எண்ணுவதற்கு அவள் ஒரேயொரு பைட் ஒதுக்கினாள். ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் எண்ணலாம். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பூச்சியமாகிவிடும். ஆனால் ஒரு வலை, வினாடிக்கு ஒரு மீன், மூன்று நிமிடம். நூற்று எண்பதுக்கு மேல் யாராலும் பிடிக்க முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் ஒதுக்கினாள்.

கடைசி வாரத்தில் ஒட்வார் வந்தார். "ஒரு வலை அலுப்பாக இருக்கிறது. இரண்டு வை."

வைத்தாள். கணக்கை மறுபடி போட மறந்தாள்.

நூற்று நாற்பது இயந்திரங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில், டென்மார்க் கப்பல் ஒன்றிலிருந்து யாரோ ஒருவன் சத்தம் போடுகிறான் என்று ஒட்வார் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். படகு நிறைய மீன் வைத்திருந்தானாம், ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டதாம், இயந்திரம் திருடிவிட்டதாம். கிருஷ்ணகுமாரி சிரிக்கவில்லை. கையிலிருந்த பாணை வைத்துவிட்டாள். இரண்டு வலை. வினாடிக்கு இரண்டு மீன். பனி விளிம்போடு படகை ஒட்டி வைத்திருந்தால் முந்நூறுவரைகூடப் போகலாம். இருநூற்று ஐம்பத்தாறாவது மீன் படகில் விழுந்த கணத்தில் எல்லாம் பூச்சியம். ஒரு முதலாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத பிழை என்று தன்னைத் தானே திட்டினாள்.

அன்று பின்னேரமே திருத்தத்தை எழுதிவிட்டாள். பதினொரு பைட். சிப்பில் பத்தொன்பது பைட் மிச்சம் கிடந்தது.

"யார் இருநூற்று ஐம்பத்தாறு மீன் பிடிக்கப் போகிறார்கள்?" என்றார் ஒட்வார்.

"ஒருவர் பிடித்துவிட்டார்."

"ஒருவர்தானே."

"அது பிழை, ஒட்வார்."

"அது மீன், குமாரி."

ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து தெற்கே கிறிஸ்டியான்சாண்ட் வரைக்கும் பரவிக் கிடக்கும் நூற்று நாற்பது இயந்திரங்களின் பின்கதவையும் திறந்து சிப்பை மாற்ற அவர் தயாராக இல்லை. ஆறு மாதம் வாரத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். திரையில் அவளுடைய பெயர் எங்கும் இல்லை, நிறுவனத்தின் பெயர் மட்டும்தான். அதைப் பற்றி மற்றவர்கள் பிறகு கவலைப்பட்டார்கள். அவளுக்கு அது ஒரு நிம்மதி. மீனைத் தொலைத்தவர்களுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாதல்லவா!

பிறகு ஒட்வார் சூதாட்ட இயந்திரங்களுக்கு மாறினார். வெல்லப் போகிறாய், வெல்லப் போகிறாய் என்று காட்டிக்கொண்டே தோற்கடிக்கும் நிரல்தான் அதற்கு வேண்டும். அவள் அதையும் எழுதினாள், பிழையே இல்லாமல். ஒரு நாள் பெட்ரோல் நிலையத்தில் ஒரு பெண் குளிர்கையுறையோடு நின்று, இவள் எழுதிய அந்தக் 'கொஞ்சத்தில் தவறிவிட்டாய்' என்ற சக்கரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காசு போடுவதைக் கண்டாள். தொண்ணூற்றொன்றில் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதும் நிறுவனமொன்றில் முப்பத்திரண்டு வருடம். அதனால் வந்த வினை, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் அவர்கள் இருந்த பத்துமாடிக் கட்டடத்தில் மின்தூக்கி நின்றால் அயலவர்கள் அவளுடைய கதவைத்தான் தட்டினார்கள். அது வேறு நிறுவனத்தின் மின்தூக்கி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஓய்வுபெற்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்தாள். அப்போதுதான் தொலைபேசி வந்தது.

"வணக்கம் மேடம். என் பேர் இளமாறன். கோயம்புத்தூர், இப்ப ஒஸ்லோல வேலை பாக்குறேன். டொர்ஷ்க்னு ஒரு கேம், அதைப் பண்ணது நீங்கதானா?"

"ஓம்."

"சாரி மேடம்?"

"ஓம் எண்டால் ஆம். நான்தான். உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவன் பகலில் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுபவன். சனி ஞாயிறுகளில் பழைய விளையாட்டு இயந்திரங்களைத் திருத்துவது அவனுக்குப் பைத்தியம். ஆற்றோரத்தில் ஒரு சின்னக் கண்காட்சிக் கூடத்துக்காக, ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு கராஜில் கிடந்த இயந்திரத்தைத் திறந்திருக்கிறான். உள்ளே, நோர்வே நாட்டு இயந்திரத்தின் வயிற்றுக்குள், ஒரு சிப்பின் தலையில் 'ஈ' என்று தமிழில் எழுதியிருந்தது.

"நம்ம எழுத்து மேடம்! கோயில்ல போய் ஒவ்வொருத்தரா கேட்டேன். உதயகுமாரின்னு ஒருத்தங்கதான், 'அவ கேம்ஸ் கடையிலை நிண்டவ'ன்னு உங்க நம்பர் கொடுத்தாங்க."

கிருஷ்ணகுமாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் அவனைப் பிடித்துப்போயிற்று. சிப்பில் இருந்ததை அவன் கணினிக்குப் பிரதியெடுத்து வரிவரியாக வாசித்திருந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அவள் எழுதியதை வாசித்துவிட்டு அவளோடு கதைக்கிறார்.

"அந்த இருநூத்தி ஐம்பத்தாறு..." என்று அவன் தயங்கினான்.

"பிழை, தம்பி. என்ரை பிழை."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம். ஆனா இங்வில்ட் வேற மாதிரி சொல்றாங்க."

இங்வில்ட் அந்தக் கண்காட்சியைப் பொறுப்பெடுத்திருந்தவள். முப்பத்தைந்து வயது, கலை வரலாறு படித்தவள், நல்ல பெண். நல்ல பெண் என்பதுதான் பிரச்சினை, அவளோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை. அடுத்த வாரமே ட்வெய்ட்டாவுக்கு வந்து, வடையைச் சாப்பிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தாள்.

"அளவுக்கு மீறிப் பிடிப்பவனிடமிருந்து கடல் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எண்பத்தைந்திலேயே! கொட் மீனுக்குக் கட்டுப்பாடு பற்றி நாடு பேசத் தொடங்குவதற்கு முன்பே. அந்த எண்ணம் எப்படி வந்தது?"

"அப்படி ஓர் எண்ணமே வரவில்லை. அது பிழை."

இங்வில்ட் கனிவோடு சிரித்தாள். "கலைஞர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்."

"நான் கலைஞர் இல்லை. ஒரு பைட் போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது வலை வைத்தபோது கணக்கை மறுபடி போடவில்லை." அவள் ஒரு தாளை எடுத்து, எட்டுப் பெட்டி வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டு, இன்னொன்று கூட்டி எல்லாம் எப்படிப் பூச்சியமாகிறது என்று காட்டினாள். இங்வில்ட் அந்தத் தாளைக் கவனமாகப் பார்த்தாள்.

"இது மிக அழகாக இருக்கிறது," என்றாள். "இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?"

அன்றிரவுச் சாப்பாட்டில் கிருஷ்ணகுமாரி பொரிந்து தள்ளினாள். மகள் சோபிகா வந்திருந்தாள். அவள் நகரசபையில் வேலை செய்பவள், எதையும் சமரசமாக முடிக்கப் பழகியவள்.

"அம்மா, விடுங்கோவன். உங்களை ஒரு குன்ஸ்ட்னர் எண்டு சொல்லினம். கலைஞர்! பெருமைதானே?"

"எனக்கு எதுக்குப் பிள்ளை இல்லாத பெருமை? நான் எழுதின எட்டாயிரம் பைட் ஒழுங்கா ஓடுது. அதைப் பற்றி ஒரு சனமும் கேக்கேல்லை. ஓடாத ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்!"

"ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை அதைப் பற்றி மாஸ்டர் ஆய்வே எழுதியிருக்காம் எண்டு இங்வில்ட் சொன்னவ."

"எத்தினை பக்கம்?"

"நூற்றிப் பத்து."

"பதினொரு பைட் பிழைக்கு நூற்றிப் பத்துப் பக்கம்! எனக்கு விசர்தான் வரப்போகுது."

சச்சிதானந்தன் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தி, "அப்ப அந்த மீன் பிறகு எங்கை போறது?" என்று கேட்டார். அவள் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவத் தொடங்கினாள்.

செய்தி தமிழர்களுக்கும் பரவியது. சங்கத்துச் செயலாளர் சத்தியபாமா வாழ்த்துரை ஒன்று தயாரித்து முன்கூட்டியே அனுப்பினாள். 'எண்பத்துமூன்றில் அனைத்தையும் ஒரே கணத்தில் இழந்த அகதியின் கதறலே அந்தப் பூச்சியம்' என்று அதில் இருந்தது. கிருஷ்ணகுமாரி உடனே தொலைபேசி எடுத்தாள்.

"பாமா, நான் எண்பத்துமூண்டு ஜனவரியிலை படிக்க வந்தனான். யூலைக் கலவரத்துக்கு ஆறு மாசம் முன்னம்."

"அக்கா, சனத்துக்கு ஒரு உணர்ச்சி வேணுமெல்லே."

கிருஷ்ணகுமாரிக்கு இழப்பு இல்லாமல் இல்லை. எண்பத்தேழில் ஊரில் நடந்த சண்டையில் வீடு போனது, அப்பாவும் அதோடு போனார். செய்தி ஓக்கேர்ன் நிலக்கீழ் அறைக்குத் தொலைபேசியில் வந்தபோது கையில் திருப்புளியோடு நின்றாள். அதைப் பற்றி யாரோடும் கதைத்ததில்லை, கதைக்கவும் போவதில்லை. அதைக் கொண்டுவந்து ஒரு மீன் விளையாட்டின் கூட்டல் பிழையில் தொங்கவிட அவளுக்குச் சம்மதமில்லை. "அந்த வரியை வெட்டிவிடு," என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

திறப்பு விழா செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம். ஐம்பது பேர் வந்திருந்தார்கள். இயந்திரம் நடுவில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. பக்கச் சுவரில் அவளுடைய எட்டுப் பெட்டித் தாள், சட்டம் போட்டு. அதன் கீழே பெரிய எழுத்தில்: 'இருநூற்று ஐம்பத்தாறாவது மீன்: பேராசைக்கு ஒரு நோர்வேஜிய எதிர்ப்பு'. கிருஷ்ணகுமாரி அதை வாசித்துவிட்டு மேலங்கியைக் கழற்றாமலே நின்றாள். இங்வில்ட் பேசினாள். கடல் பேசுகிறது என்றாள். மௌனம் பேசுகிறது என்றாள்.

"அது என் மீனைத் திருடியது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். எழுபது வயதிருக்கும், நீலக் கம்பளிச் சட்டை, சிவந்த முகம். டென்மார்க் கப்பலில் இருபத்திரண்டு வருடம் உணவகப் பணியாளராக இருந்தவராம், பெயர் எலியாஸ். பத்திரிகையில் விளையாட்டின் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"எண்பத்தைந்து டிசம்பர். ஓய்வு நேரம் முழுவதும் அதில்தான் நின்றேன். பனி விளிம்போடு ஒட்டிக்கொண்டு நின்றால் இரண்டு வலையும் ஒன்றாக விழும், அதை நானே கண்டுபிடித்தேன். இருநூற்று ஐம்பத்தைந்து மீன்! இன்னும் ஒன்று. பிறகு பூச்சியம். கப்பல் முழுக்கச் சிரித்தார்கள். எதிர்ப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது பிழை!"

இங்வில்ட் ஒலிவாங்கியை இறக்கினாள். கிருஷ்ணகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். முறைப்பாடு சொன்னவர் இவர்தான்! ஒட்வார் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த ஆள்.

"பிழைதான்," என்றாள். "நான் விட்ட பிழை. இரண்டாவது வலை வைத்தபோது கணக்கை மறுபடி போடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

எலியாஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா எழுதியது?"

"நான்தான்."

"திருத்த முடியாதா?"

"அன்றைக்கே திருத்தினேன். முதலாளி விடவில்லை."

"முதலாளிமார்!" என்றார் எலியாஸ். அந்த ஒரு சொல்லில் இருபத்திரண்டு வருடக் கப்பல் வேலை முழுவதும் இருந்தது. கை நீட்டினார். அவள் குலுக்கினாள். அன்று மாலை அவளுக்குக் கிடைத்த பூச்செண்டைவிட, சத்தியபாமா போர்த்திய பொன்னாடையைவிட, அந்தக் கை நல்ல கனமாக இருந்தது.

மூல இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று இங்வில்ட் உறுதியாக நின்றாள். பாரம்பரியப் பொருளாம், பிழை உட்பட அப்படியே பாதுகாக்க வேண்டுமாம். "பிழை எண்டு இப்ப ஒத்துக்கொள்ளுறாளோ?" என்று கிருஷ்ணகுமாரி இளமாறனிடம் முணுமுணுத்தாள். "பாதி, மேடம்," என்றான் அவன். ஆனால் பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று இங்வில்ட் விட்டுக்கொடுத்தாள். அடுத்த வியாழக்கிழமை கூடம் பூட்டியிருந்த நேரத்தில், இளமாறன் தன் கணினியைப் பழைய விளையாட்டுப் பெட்டியொன்றோடு இணைத்து வைத்தான். கிருஷ்ணகுமாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இருந்தாள். நாற்பது வருடமாக மனதில் கிடந்த பதினொரு பைட்டையும் தன் கையாலேயே போட்டாள். எங்கே குதிக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று ஒன்றுகூட மறக்கவில்லை.

வரச்சொல்லியிருந்த எலியாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றார். முதல் ஐந்து தடவையும் பனிப்பாறையில் மோதினார். "கை போய்விட்டது," என்று உறுமினார். ஆறாவது தடவை பனி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இருநூறு. இருநூற்று நாற்பது. இளமாறன் திரையோடு ஒட்டி நின்றான். இங்வில்ட்கூடக் கிட்ட வந்துவிட்டாள். இருநூற்று ஐம்பத்தைந்து. இருநூற்று ஐம்பத்தாறு. இருநூற்று ஐம்பத்தேழு.

"ஹா!" என்று எலியாஸ் கத்தினார். இருநூற்று எழுபத்தொரு மீனோடு கரைக்குத் திரும்பினார். படகு துறையில் முட்டியது. கரையில் புள்ளி விழுந்தது: பதினைந்து மீனுக்கான புள்ளி.

"இருநூற்று எழுபத்தொரு மீனுக்கு இவ்வளவுதானா?" என்றார் எலியாஸ்.

கிருஷ்ணகுமாரி திரையைப் பார்த்தாள். தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டாள். புள்ளி கணிக்கும் பகுதி! அதுவும் அந்த ஒரே பைட்டைத்தான் வாசிக்கிறது. புதிதாகச் சேர்த்த இரண்டாவது பைட்டை அதற்குச் சொல்லவே இல்லை. நாற்பது வருடமாக, பதினொரு பைட், பதினொரு பைட் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஒட்வார் மட்டும் அன்று கேட்டிருந்தால், நூற்று நாற்பது இயந்திரங்களின் பின்கதவையும் திறந்து, ஒரு பிழையை எடுத்துவிட்டு இன்னொரு பிழையைப் பூட்டியிருப்பார்கள்.

"மேடம், பரவாயில்லை. நான் பாத்துக்கிறேன்," என்று இளமாறன் விசைப்பலகையை இழுத்தான்.

"கையை எடும், தம்பி!"

அவன் எடுத்துவிட்டான். சிப்பில் இன்னும் எட்டு பைட்தான் மிச்சம். அவள் ஒரு தாள் கேட்டாள், சதுரக் கோட்டுத் தாள் இல்லை, வெறும் தாள்தான் கிடைத்தது, அதற்கும் ஒரு முறை அலுத்துக்கொண்டாள். எழுதினாள், வெட்டினாள், எழுதினாள். ஒன்பது வந்தது. கூடாது. மறுபடி. எலியாஸ் கோப்பி ஊற்றிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இங்வில்ட் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தாள், கிருஷ்ணகுமாரி பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஏழு பைட்டில் முடித்தாள்.

"இப்போது விளையாடுங்கள்," என்றாள்.

இரண்டாவது முயற்சியிலேயே எலியாஸ் இருநூற்று அறுபத்திரண்டு மீன் கொண்டுவந்தார். புள்ளி முழுதாக விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சரி," என்றார். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டார்.

மறுவாரம் சுவரிலிருந்த வாசகத்தை இங்வில்ட் மாற்றிவிட்டதாகப் படம் அனுப்பினாள். தலைப்பு அப்படியேதான் இருந்தது. பேராசை, எதிர்ப்பு, கடல், எல்லாம் அப்படியே. அடியில் ஒரு புதிய வரி மட்டும்: 'இது ஒரு பிழை என நிரலாளர் கிருஷ்ணகுமாரி கருதுகிறார்.'

சோபிகா அதைக் கைபேசியில் வாசித்துக் காட்டினாள். "பாத்தீங்களே, உங்கடை பேரும் வந்திட்டுது. இனிச் சந்தோசம்தானே?"

"கருதுகிறாவாம்!" என்றாள் கிருஷ்ணகுமாரி. "கொண்டா உந்த ஃபோனை." மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி இங்வில்ட்டுக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.